சான்றிதழ் கையில் இருக்கிறது, அரங்கு எங்கே?

எங்கள் ஆவணப்படத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அநேகமாக வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்தச் சின்னத் துண்டைத்தான் பார்த்திருப்பீர்கள். ராயபுரத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா, கூடையை இறக்கி வைத்துக்கொண்டே, "வாங்குனோம்பா, எல்லாரும்தான் வாங்குனோம்" என்று சொல்வார். அதற்கு அடுத்து அவர் சொன்னதை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள். "வாங்கிக்கினு நான் நெனச்சவங்களுக்குத்தான் போட்டேன். அவன் துட்டு, என் ஓட்டு." இந்த இரண்டாவது பாதிக்காகத்தான் நாங்கள் படமே எடுத்தோம்.

படம் ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றியது. 64 நிமிடம். தமிழ்நாட்டில் இதற்காகவே தேர்தல்கள் நின்றிருக்கின்றன. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரல் 12-ல் நடக்கவிருந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. நின்ற தேர்தலெல்லாம் பிறகு நடந்தது, யாரோ ஜெயித்தார்கள், எல்லோரும் மறந்தோம். பணம் கொடுத்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்தது. வாங்கியவர்களிடம் போய் உட்கார்ந்து யாரும் பேசவில்லையே என்றுதான் ஆரம்பித்தோம். எந்தக் கட்சியையும் குறிவைக்கவில்லை. அதனால் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் கோபம் வந்தது.

யூடியூபில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். இணையத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டாம். 2017-ல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்தைத் திரையிட விடாமல் பல இடங்களில் தடுத்தபோது, அது யூடியூப் வழியாகத்தான் ஊர் முழுக்கப் போனது. ஆனால் இந்தப் படத்தை ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் சண்டை போட வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. பொது இடத்தில் திரையிட வேண்டும் என்றால் ஆவணப்படமாக இருந்தாலும் சான்றிதழ் வேண்டும். இந்தி இயக்குநர் கே.ஏ.அப்பாஸ் 'நான்கு நகரங்களின் கதை' என்று ஒரு சிறிய ஆவணப்படம் எடுத்துவிட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். முன்தணிக்கை செல்லும் என்று 1970-ல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கு வரை அதுதான் சட்டம்.

சரி, விண்ணப்பம். இப்போது எல்லாம் 'இ-சினிபிரமாண்' என்ற தளத்தில்தான். சினிமா எடுப்பவர்களுக்கென்று வடிவமைத்தது. ஆவணப்படக்காரர்கள் சில இடங்களில் விழிக்க வேண்டியிருக்கும். வசனப் பிரதி கேட்பார்கள். எங்களிடம் ஏது வசனம்? படத்தில் பேசிய ஒவ்வொருவர் பேச்சையும் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். வடசென்னைப் பேச்சை ஆங்கிலக் கதைச் சுருக்கத்தில் கொண்டுவருவதற்குள் மண்டை காய்ந்துவிட்டது. யாராவது பீடி பிடித்தால் புகைப்பழக்க எச்சரிக்கை போட வேண்டும். படம் 72 நிமிடத்துக்கு உள்ளே இருந்தால் குறும்படக் கணக்கு. அதில் தணிக்கைக்காகப் படம் பார்க்கும் குழுவும் சிறியது.

அப்புறம் ஆடு. ஒரு சந்தில் பேட்டி எடுக்கும்போது பின்னால் ஒரு ஆடு நின்று சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. வேட்பாளர் படத்தை அது தின்றதால் அந்தக் காட்சியை விட எங்களுக்கு மனசே வரவில்லை. விலங்கு வந்தால் விலங்குகள் நல வாரியத்தின் கடிதம் கேட்பார்கள். அந்த வாரியம் ஒரு காலத்தில் திருவான்மியூரில் இருந்தது, 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. பக்கத்துத் தெருவில் முடிய வேண்டிய வேலை மின்னஞ்சல் வேலையானது. அது தெருவில் தானாகத் திரிந்த ஆடு, நாங்கள் கொண்டுவந்து நிறுத்தவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். ஆடு படத்தில் இருக்கிறது.

குழு பார்ப்பதற்குப் பிரிவியூ தியேட்டர் செலவு நம்முடையது. படம் ஓடும்போது நாம் வெளியே உட்கார வேண்டும். முடிந்ததும் கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்த இடத்தில் இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திரைப்படத் தணிக்கைக்கான ஒளிப்பதிவுச் சட்டத்தின் (சினிமாட்டோகிராஃப் சட்டம்) 5பி பிரிவையும் 1991-ல் வந்த வழிகாட்டுதல்களையும் முன்பே படித்துவிட்டுப் போங்கள். அரசியல் படத்துக்குப் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் கத்தி விழும்: அவதூறு, பொது ஒழுங்கு. அதனால் படத்தில் வரும் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பக்கத்திலேயே ஒரு பொது ஆவணத்தை வைத்து ஒரு கோப்பு தயார் செய்திருந்தோம். தேர்தல் ஆணையத்தின் ரத்து உத்தரவு, நாளிதழ் பக்கங்கள், நீதிமன்ற உத்தரவுகள்.

அந்தக் கோப்பு இல்லையென்றால் பாதிப் படம் போயிருக்கும். ஆர்.கே.நகர் பகுதியை எடுக்க வேண்டுமோ என்று பேச்சு வந்தபோது ஆணையத்தின் உத்தரவை நீட்டினோம். அது அப்படியே நின்றது. ஒரு பெரியவர் போகிறபோக்கில் ஒரு தலைவரின் பெயரைச் சொல்லி, "அவர்தான் குடுத்தனுப்பினார்" என்பார். எங்களிடம் ஆதாரம் இல்லை, பெயரை ஒலியடக்கச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டோம். வழக்கு போட்டிருந்தால் அந்தப் பெரியவர்தான் கோர்ட்டுக்கு அலைந்திருப்பார். ஒரு சாதிப் பெயரும் போனது. இன்னொரு காட்சியில் கட்சிக் கொடியை மங்கலாக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் கொஞ்சம் வாதாடிப் பார்த்தோம், நடக்கவில்லை. கொடி மங்கலாக இருந்தாலும் எந்தக் கொடி என்று பார்ப்பவர்களுக்குத் தெரிகிறது.

ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மறு ஆய்வுக் குழு இருக்கிறது. அதற்கும் மேலே முன்பு ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' 2011-ல் அங்கே போய்த்தான் சான்றிதழ் வாங்கியது. 2021-ல் அந்தத் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். எங்களைப் போல நண்பர்களிடம் கைமாற்று வாங்கிப் படம் எடுப்பவர்களுக்கு அது எட்டாத தூரம். யூஏ 16+ கொடுத்தார்கள், அதாவது 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

டிரெய்லர் போட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. அதிலிருந்துதான் மீன்கார அம்மாவின் துண்டை யாரோ வெட்டி எடுத்தார்கள். மறுநாளே, "வடசென்னை மக்களை ஓட்டு விற்பவர்களாகக் காட்டும் படம்" என்று சுவரொட்டி. கண்டித்துப் பேசியவர்களில் யாரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. எங்கள் ஒளிப்பதிவாளர் போய் ஒரு மணி நேரத்தில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு வந்தான்.

திரையிடலுக்குப் பதிவு செய்திருந்த அரங்கிலிருந்து போன் வந்தது. ஏசி ரிப்பேராம். ஃபேன் போதும் என்றோம். ஃபேனும் ரிப்பேராம். அடுத்த அரங்கின் மேலாளர் கொஞ்சம் நேர்மையானவர். "தம்பி, மேலேருந்து போன் வந்துச்சு, என்னைய மாட்டி விட்டுடாதீங்க" என்றார். மேலே என்றால் யார் என்று கேட்டதற்குச் சிரித்தார். முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார், அது பெரிய விஷயம். மூன்றாவது இடத்தில், படத்தின் பெயரைச் சொன்னதுமே தேதி இல்லை என்றார்கள். நாங்கள் இன்னும் எந்தத் தேதி என்றே சொல்லியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு படத்தை நிறுத்த அரசுக்குச் சட்டப்படி வழி இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில் திரையிடலை நிறுத்தி வைக்கலாம். 2006-ல் 'டாவின்சி கோட்' படத்தை அப்படித்தான் நிறுத்தினார்கள். உத்தரவு எழுத்தில் இருந்தது, படக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எங்களுக்கு வந்தது ஏசி ரிப்பேர். ஏசி ரிப்பேரை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது? இந்த அலைச்சல் முழுவதிலும் எங்கள் படத்தைத் திரையிடக் கூடாது என்று ஒரு வரிகூட யாரும் எழுதித் தரவில்லை. எரிச்சலே அதில்தான்.

நடுவில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. ஒரு கட்சியின் வட்டப் பொறுப்பாளர் புகார் கொடுத்திருந்தார், சிஎஸ்ஆர் போட்டிருந்தார்கள், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒரு பதிவு. ஆய்வாளர் முதலில் கேட்டது, "பெர்மிஷன் வாங்குனீங்களா?" சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு பொது இடத்துக் கூட்டங்களுக்கு, ஐந்து நாளைக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். நான்கு சுவருக்குள் நடப்பதற்கு அது பொருந்தாது என்று எங்கள் வழக்கறிஞர் அக்கா பொறுமையாக எடுத்துச் சொன்னார். கையோடு 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகலையும் வைத்தார். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்த வழக்கு. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை முடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை என்று அதில் இருக்கிறது. இட ஒதுக்கீட்டுக்கு எதிரான அந்தப் படத்தின் கருத்தில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆனாலும் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

அக்கா எழுதிய கடிதத்தில் அனுமதி வேண்டி என்று ஓரிடத்திலும் இல்லை. இன்ன நாள் திரையிடுகிறோம், தகவலுக்காக, பாதுகாப்பு தாருங்கள், அவ்வளவுதான். தணிக்கைச் சான்றிதழ் இணைப்பு. பதிவுத் தபாலில் ஒன்று, நேரில் ஒன்று, நேரில் கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல். அந்த முத்திரைக்காக மதியம் முழுக்க நின்றேன். ஆனால் அதற்குப் பிறகு அரங்கு கேட்கும்போது என் குரல் மாறிவிட்டது.

அதற்குள் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு விஷயம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டும் குற்றமில்லை, வாங்குவதும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 171பி, 171இ. புதிய நியாய சன்ஹிதாவில் 170, 173. ஓராண்டு வரை சிறை. படத்தில் பேசிய முக்கால்வாசிப் பேர் கேமரா முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள்! இது தெரிந்துதான் தொடக்கத்திலேயே முகங்களை மறைத்திருந்தோம். மீன்கார அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "மூஞ்ச மறைச்சா நான் எதுவோ திருடுன மாரி ஆவாது? அப்டியே வுடு" என்றார். வழக்கறிஞரை நேரில் கூட்டிப்போய் விளக்கியும் அதே பதில். இப்போது அந்த முகம்தான் ஊரெல்லாம். அவர் மகனிடம் இரண்டு பேர் வந்து, "உங்கம்மாவ ஏன் பேச வுட்ட?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே பொதுத் திரையிடலுக்கு முன்னால் அந்தப் பகுதி மக்களுக்குப் படத்தைக் காட்டுவது என்று முடிவு செய்தோம். ஒரு தேவாலயக் கூடத்தைக் கேட்டதும் கொடுத்தார்கள், வாடகைகூட வாங்கவில்லை. பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். சுவரொட்டி ஒட்டிய பையன்களில் சிலரும் வந்து கதவோரம் நின்றார்கள். முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு, தெரிந்த தெரு, தெரிந்த ஆள். ஆடு வந்தபோது கைதட்டல். டோக்கன் கொடுக்கும் கதை வந்ததும் சத்தம் அடங்கியது.

படம் முடிந்ததும் விட்டு வாங்கினார்கள். "எங்க கிட்ட மட்டும் வந்து கேக்குற, தி.நகர்ல போய்க் கேட்டியா?" என்று ஓர் அக்கா கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வி. பட்டா இல்லாத வீடு, மழைக்கு மழை தண்ணீர், அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் வரும் ஆள், அவன் கொடுப்பதை ஏன் விட வேண்டும் என்று இன்னொருவர். கதவோரம் நின்ற பையன்களில் ஒருவன், "அப்போ அந்த வீடியோவுல பாதிதான் இருந்துச்சா?" என்று கேட்டான். மீன்கார அம்மா திரும்பிப் பார்த்து, "முழுசா கேக்காம போஸ்டர் ஒட்ட வந்துட்டான்" என்றார். தி.நகர் கேள்வி நியாயமானது என்று எங்களுக்குப் பட்டது. படத்தில் சேர்த்தால் மறுபடி தணிக்கைக்குப் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு திரையிடலுக்குப் பிறகும் அந்தக் கேள்வியை நாங்களே முதலில் வைக்கிறோம்.

பொதுத் திரையிடல் கடைசியில் நடந்தது, நகரத்தின் தென்பக்கத்தில் ஒரு சிறிய அரங்கில். எந்த அரங்கு என்று சொல்லி அவர்களுக்குத் தொல்லை தர விரும்பவில்லை. வாசலில் நான்கைந்து போலீஸ்காரர்கள், தெருமுனையில் கோஷம் போட்ட ஒரு சிறு கூட்டம், அரை மணி நேரத்தில் டீ குடிக்கப் போய்விட்டார்கள். இருக்கை போதாமல் படிகளில் உட்கார்ந்தார்கள். புகார் கொடுத்த வட்டப் பொறுப்பாளரே வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கலந்துரையாடலில் அவர் எதுவும் பேசவில்லை. வெளியே வரும்போது என்னிடம், "அந்தக் கொடிய மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லா மறைச்சிருக்கலாம்" என்றார்.

சிஎஸ்ஆர் இன்னும் முடித்து வைக்கப்படவில்லை. விசாரணை என்று எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஆகவே சான்றிதழ், ரத்து உத்தரவு, 1989 தீர்ப்பு, முத்திரை போட்ட நகல் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மூன்று கோப்பாக வைத்திருக்கிறோம். ஒன்று வழக்கறிஞரிடம், ஒன்று என் பையில். இன்னொன்று திரையிடக் கேட்டு வருபவர்களுக்கு. வெளியூரிலிருந்து இரண்டு கல்லூரிகள் கேட்டிருக்கின்றன. தேர்தல் நேரத்தில் போடுவதாக இருந்தால், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் சம்பந்தமான படம் எதையும் காட்டக் கூடாது, அதை மட்டும் பார்த்துத் தேதி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். அரங்கை அவர்களே பிடித்துக்கொள்கிறார்களாம்.