அம்மா போட்ட பென்சில் கோடுகள்

எங்கள் கணித டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் புள்ளிகளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். தேர்ச்சி அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு, "பிள்ளை வீட்டில எந்த நேரம் படிக்கிறவ, ஆர் பக்கத்தில இருக்கிறது?" என்றுதான் தொடங்குவார்.

பின்னக் கணக்குப் படித்த தவணை அது. "எனக்குக் கணக்கு விளங்காது டீச்சர், நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று அம்மா கூச்சப்பட்டார். இடையிலேயே படிப்பை விட்டவர் அவர். டீச்சர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நீங்கள் சொல்லிக் குடுக்க வேண்டாம் அம்மா. செய்த கணக்கை உங்களுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ. எங்க தடக்குப்படுறாவோ அதில பென்சிலால ஒரு கோடு போட்டுவிடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அன்றிரவே அம்மா பென்சிலோடு வந்து இருந்தார். 1/2 உம் 1/3 உம் கூட்டினால் 5/6. விடை சரி. "கீழ ஏன் ஆறு வந்தது?" என்று கேட்டார். "அப்பிடித்தான் செய்யவேணும்" என்றேன். கோடு விழுந்தது!

அந்தக் கிழமை டீச்சர் கொப்பிகளைப் பார்த்தபோது பல பிள்ளைகளின் கொப்பியிலும் கோடு அதே இடத்தில்தான் இருந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு, கடதாசியை மடித்து மடித்துப் பொதுப் பகுதியை, அதாவது இரண்டு பின்னங்களுக்கும் கீழே ஒரே எண் வரச் செய்வதை, முதலிலிருந்து படிப்பித்தார். எழுதப் படிக்கக் கூச்சப்பட்ட தாய்மார் ஒரு வகுப்பின் பாடத்தையே திருத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதும் பெருமை.

அப்பா நோயாகக் கிடந்த காலத்தில் அம்மா அதை டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். மற்ற ஆசிரியர்களுக்கும் செய்தி போனது. எவரும் வகுப்பின் நடுவில் என்னை எழுப்பிக் கேள்வி கேட்கவில்லை.

நானும் ஆசிரியப் பணிக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். அமெரிக்கச் சமூகவியலாளர் யோய்ஸ் எப்ஸ்டைன், குடும்பமும் பள்ளியும் இணையும் வழிகளை 6 வகையாகப் பிரிக்கிறார். தகவல் பரிமாற்றமும் வீட்டில் கற்றலும் அவற்றில் இரண்டு. டீச்சரின் பென்சில் கோடு இரண்டையும் ஒன்றாகவே செய்தது. நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் இடைநிலை வகுப்புகள் குறித்த 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோர் வீட்டுவேலையில் நேரடியாக உதவுவது எப்போதும் பலன் தருவதில்லை. படிப்பின் பெறுமதியையும் எதிர்காலத்தையும் பற்றிப் பிள்ளையோடு பேசுவதே தேர்ச்சியோடு கூடுதலாகத் தொடர்புபட்டிருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் படிக்காத பெற்றோருக்கும் இதில் முழு இடம் உண்டு.

நம் சங்கம் பள்ளியின் கட்டடத்துக்கும் கணினிக்கும் நிதி சேர்க்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் வகுப்பாசிரியர் ஒவ்வொரு பெற்றோரோடும் தனியாக இருந்து பேசுவதற்கு என்ன உதவி தேவை என்று அதிபரிடம் நாம் கேட்கவேண்டும். பகலில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாலைச் சந்திப்பு வைத்தால், ஆசிரியர்களின் அந்த மேலதிக நேரத்துக்கான கொடுப்பனவைச் சங்கம் ஏற்கலாம். செயற்குழு இதை எடுத்துக்கொண்டால் ஒழுங்குசெய்யும் பொறுப்பில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.