ஐந்து தந்தியும் இருபத்தொரு தந்தியும்: ஹெல்சிங்கி நாட்குறிப்பு

2025 ஜனவரி 14, செவ்வாய்

ஒத்திகை இன்று தொடங்கியது. ஹெல்சிங்கியின் கல்லியோ பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் அடித்தள அறை. நான் ஒலிப்பதிவு பார்க்கிறேன். வாசிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் கான்தெலே என்ற தந்திக் கருவியை வாசித்துக்கொண்டே ரூனோ என்ற பழைய நாட்டுப்பாட்டைப் பாடும் பின்லாந்துப் பெண். இன்னொருவர் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் காஸமான்ஸ் பகுதியிலிருந்து வந்திருக்கும் கலைஞர், கோரா என்ற தந்திக் கருவி வாசிப்பவர். பாட்டையும் குல வரலாற்றையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் ஜலி குடும்பம் அவருடையது. பெயர் போட வேண்டாம் என்று இருவரும் சொன்னார்கள், சரி.

கான்தெலே மடியில் அடங்கிவிடுகிறது. ஒரே கட்டையைக் குடைந்து செய்து, ஐந்து உலோகத் தந்தி கட்டியிருக்கிறது. கோராவுக்குப் பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட கழி செருகியிருக்கிறார்கள். இரண்டு வரிசையில் இருபத்தொரு தந்தி. தந்தி என்பது தூண்டில் நரம்புதான்.

பின்லாந்தின் காலேவலா காப்பியத்தில் அதன் நாயகன் வைனாமொய்னன் முதல் கான்தெலேயை ஒரு பெரிய மீனின் தாடையெலும்பில் செய்தான் என்று கான்தெலேக்காரர் கதை சொன்னார். கோராக்காரர் தன் நரம்பு ஒன்றைச் சுண்டிவிட்டு, "என்னுடையதும் மீன் பிடிக்கப் போக வேண்டியதுதான்" என்றார். நான்கு மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது.

ஜனவரி 16, வியாழன்

இன்று ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை. காலை பத்து மணியிலிருந்து சுருதி சேர்ப்பதே வேலை.

கோரா எஃப் சுருதியில் இருந்தது, கான்தெலே டி சுருதியில். கான்தெலேயை எஃப் வரை ஏற்றினால் தந்தி அறுந்துவிடும். கோராவை டி வரை இறக்கினால் நரம்பு தொய்ந்து குரல் செத்துவிடும். அரை மணி நேரம் பேசி, நடுவழியில் சந்தித்தார்கள். கான்தெலே அரை சுரம் ஏறியது, கோரா ஒரு சுரம் இறங்கியது. இ ஃப்ளாட்.

சொல்வது சுலபம். இவருடைய கோராவில் கிட்டார் மாதிரி முறுக்காணி கிடையாது. பழைய முறைப்படி கழியைச் சுற்றித் தோல் வளையங்கள், தந்திக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் கையால் நெட்டி நகர்த்த வேண்டும். பத்தாவது வளையத்திலேயே அவர் கட்டைவிரல் சிவந்துவிட்டது. ஹீட்டர் அறைக் காற்றை உலர்த்திக்கொண்டே இருந்ததால் போர்த்திய தோலும் இறுகிக்கொண்டே வந்தது. இருபத்தோராவது தந்தியைச் சேர்த்து முடிப்பதற்குள் முதல் தந்தி நகர்ந்திருந்தது. ஹீட்டர் மேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

அப்புறம் கான்தெலேயின் மூன்றாவது தந்தி, நம் கணக்கில் காந்தாரம். அதைக் கான்தெலேக்காரர் மேஜரிலும் வைக்காமல் மைனரிலும் வைக்காமல் நடுவில் வைத்தார். பழைய வாசிப்பில் அப்படி உண்டு. என் கைபேசி ட்யூனர் சிவப்பாகவே காட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் ஏற்றலாமோ?" என்று வாய்விட்டுவிட்டேன். கான்தெலேக்காரர் பதில் சொல்வதற்குள் கோராக்காரர் தன் காந்தாரத்தைத் தட்டிக் காட்டினார். அதுவும் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தது. காது பார்த்துச் சேர்த்தது, அப்பா சேர்த்த மாதிரியே சேர்த்தது.

ட்யூனரை அணைத்துப் பைக்குள் வைத்தேன். இருவரும் அந்த ஒரு சுரத்தை மட்டும் சேர்ந்து தட்டினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

ஓய்வு நாள். பழைய பதிவுகளைக் கேட்டபடி வீட்டிலேயே இருந்தேன்.

இந்த இரண்டு உலகமும் சந்திப்பது புதிதல்ல. சாக்ஸபோன் கலைஞர் சகாரி குக்கோ 1974இல் பீர்பௌக்கே குழுவைத் தொடங்கினார். லடோகா ஏரித் தீவு ஒன்றின் மடாலய மணியோசையைக் கான்தெலேயில் பிடித்த பழைய மெட்டைத் தங்கள் பாணியில் வாசித்துப் பெயர் பெற்ற குழு அது. பிற்பாடு செனகல் கலைஞர்களும் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் இஸ்மாயிலா சானே பின்லாந்திலேயே குடியேறிவிட்டார். மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினின் கடலோரத்தில் கிராண்ட் பொப்போ என்ற ஊரில், எழுத்தாளர் யுஹா வக்குரி 2000இல் தொடங்கிய வில்லா காரோ இருக்கிறது. பின்லாந்துக் கலைஞர்கள் போய்த் தங்கி வேலை செய்யும் இடம். கிட்டார் கலைஞர் யான்னே ஹலோனனும் பெனின் பாடகர் நோயல் சைசோனூவும் சேர்ந்து உருவாக்கிய ஹெல்சிங்கி-கொத்தொனு குழுவும் இருக்கிறது. பக்கத்து ஸ்வீடனில் எல்லிகா ஃபிரிசெல்லின் வயலினும் சோலோ சிசோகோவின் கோராவும் சேர்ந்து 2002இல் வந்த பதிவை எத்தனை முறை கேட்டிருப்பேன், கணக்கில்லை.

எல்லாச் சந்திப்பும் இப்படி அமைவதில்லை. சில வருடம் முன்பு ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். மேற்கு ஆப்பிரிக்கத் தாளக் கலைஞர்களைப் பின்வரிசையில் நிறுத்தி, பன்னிரண்டு துடிப்பில் சுழலும் அவர்கள் தாளத்தை நாலு நாலாக நறுக்கி வாசிக்க வைத்திருந்தார்கள். முன்னால் இருப்பவர்களின் பாட்டுக்குச் சூடேற்றத்தான் அவர்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜனவரி 23, வியாழன்

இன்றைக்கு நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ரூனோ பாட்டில் ஒரு அடிக்கு எட்டு அசை. அதிகம் பாடப்படும் மெட்டில் முதல் ஆறும் குறுகியவை, கடைசி இரண்டும் இரு மடங்கு நீளம். ஆறும் நாலும் பத்து. என் கை தொடையில் தானாகக் கண்டம், அதாவது ஐந்து ஐந்தாகத் தாளம் போட்டது. கோராக்காரருக்கு இது பழக்கமில்லை. மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் முட்டிக்கொண்டது. நான்காவது முறை அவர் எண்ணுவதை விட்டுவிட்டுக் கான்தெலேக்காரரின் வாயையே பார்த்தார். அந்த இரண்டு நீள அசைகள் வரும்போது மட்டும் இரண்டு கட்டைவிரலாலும் அடித்தந்திகளைத் தொட்டார், அவ்வளவுதான். ஆறு அசைக்கு வெறும் காற்று. அப்புறம் ஆள்காட்டி விரல்கள் மெல்ல உள்ளே வந்தன.

கோராவில் அடியில் ஓடும் சுழற்சிக்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன் மேல் பாயும் பிடிகளுக்குப் பிரிமின்தின்கோ. சுழற்சிக்கு முடிவு என்று ஒன்று கிடையாது, வாசிப்பவர் நிறுத்தும்போது நிற்கும். கான்தெலேயிலும் அப்படித்தான். நூறு வருடத்துக்கு முன்பு நாட்டுப்பாட்டு ஆய்வாளர் ஏ. ஓ. வைசானன் பின்லாந்து-ரஷ்ய எல்லையை ஒட்டிய கரேலியாவில் சந்தித்த கிழவர்கள் ஐந்தே சுரத்தைச் சின்னச் சின்னதாக மாற்றி மாற்றி வெகுநேரம் வாசிப்பார்களாம். அதைத் தன் சொந்த வலிமையை வாசிப்பது என்று சொல்வார்கள்.

ரூனோவை முன்பெல்லாம் இரண்டு பேர் பாடுவார்கள். முன்பாடகர் ஒரு அடி பாட, கடைசி அசைகளில் பின்பாடகர் சேர்ந்துகொண்டு அதே அடியைத் திருப்பிப் பாடுவார். 1894இல் ஐ. கே. இன்ஹா எடுத்த படம் ஒன்றில் இரண்டு சகோதரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து கைகோத்தபடி இருக்கிறார்கள். இன்று கான்தெலேக்காரருக்குப் பின்பாடகர் இல்லை. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

ஏழெட்டு அடி போன பிறகு, அந்தக் காலியிடத்தில் கோராக்காரர் தாழ்ந்த குரலில் "நாமு" என்றார்.

மாண்டிங்கா மக்களிடையே காப்பியம் சொல்லும்போது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லும் சொல் அது. ஆமாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். நம் பாட்டிகள் கதை சொல்லும்போது "உம் கொட்டுடா" என்பார்களே, அதேதான். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். கான்தெலேக்காரர் ஒரு நொடி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டு அடுத்த அடிக்குப் போனார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு நாமு. பின்னிஷ் மொழியில் ஒரு வார்த்தைகூடக் கோராக்காரருக்குத் தெரியாது. ஆனால் எந்த அடியில் குரல் கனத்ததோ அந்த அடியில் அவருடைய நாமுவும் தாழ்ந்தது.

ஜனவரி 25, சனி

நன்றாக வரவில்லை. வியாழன் கிடைத்ததை இருவரும் திரும்பப் பிடிக்கப் பார்த்தார்கள். கோரா நிறைய வாசித்தது, கான்தெலே முழுகிப்போனது. மதியமே கலைந்துவிட்டோம்.

பிப்ரவரி 1, சனி

பதிவு முடிந்தது.

காலையில் கோரா மைக்கில் ஏதோ கரகரத்தது. கேபிள் பழுது என்று நினைத்து இரண்டு கேபிள் மாற்றினேன். கோராக்காரர் சிரித்துக்கொண்டே தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையின் தலையில் செருகியிருந்த சின்னத் தகட்டைக் காட்டினார். விளிம்பில் வளையங்கள் கோத்த தகடு, ஒவ்வொரு தட்டுக்கும் அவை அதிரும். எனக்காக அதைக் கழற்றிவிட்டும் வாசித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது, உயிர் இல்லை. மறுபடியும் செருகச் சொல்லிவிட்டு மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தேன். கான்தெலேயின் நீண்ட ரீங்காரத்துக்குள் அந்த அதிர்வு போய் உட்கார்ந்துகொண்டது.

இருவரும் ஒரே அறையில், எதிரெதிரே. நடுவில் தடுப்பு வைக்கவில்லை. இரண்டாவது பதிவு பதினொரு நிமிடம் போனது. அதையே வைத்துக்கொள்கிறோம். நாமு எல்லாம் இருக்கிறது. வாசிப்புக்கு நடுவே நாற்காலி ஒருமுறை முனகியதும் இருக்கிறது, அதை நான் எடுக்கப்போவதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கருவிகளைக் கட்டும் நாள். விமானத்துக்காகக் கோராவின் நரம்புகளைத் தளர்த்த வேண்டும். வளையம் வளையமாக இறக்கினார். கடைசி வளையத்துக்கு முன்னால், "அந்தக் காந்தாரத்தை ஒருமுறை தட்டுங்கள்" என்று கான்தெலேக்காரரிடம் கேட்டார். அவர் தட்டினார். கோராவிலிருந்து பதில் வரவில்லை, அந்தத் தந்தி ஏற்கெனவே தொய்ந்திருந்தது. கோராக்காரர் அதே சுரத்தை வாயால் பாடினார்.

நான் மைக்குகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டுக் கிளம்பும்போது கான்தெலே இன்னும் இ ஃப்ளாட்டில்தான் இருந்தது.