அலை உடையாத இடம்

மே மாதம் லீவு விட்டால் மதுரையிலிருந்து அக்கா பிள்ளைகள் வந்துவிடுவார்கள். நாகர்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முதல் கேள்வி, "மாமா, பீச்சுக்கு எப்போ?" சாயங்காலமே போகலாம் என்பேன். ஆனால் ஒரு ஏற்பாடு உண்டு. போனதும் கால் மணி நேரம் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. என்னோடு மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

1998-ல் எனக்கு 17 வயது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் நாங்கள் நான்கு பேர் சைக்கிளில் சொத்தவிளைக் கடற்கரைக்குப் போனோம். நான்கு பேருக்குமே நீச்சல் தெரியும். எங்கள் ஊர்க் குளத்தில் இந்தப் படித்துறையில் குதித்து எதிர்க்கரையைத் தொட்டுவிட்டு நிற்காமல் திரும்பி வருகிறவன் நான். அந்தத் தைரியம்தான் என்னைக் கடலுக்குள் இறக்கியது.

அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருந்தன. இடது பக்கமும் வலது பக்கமும் வெள்ளை வெள்ளையாக நுரை. நடுவில் ஒரு முப்பதடி அகலத்துக்கு மட்டும் நுரையே இல்லை. தண்ணீர் கொஞ்சம் கறுத்து, குளம் மாதிரி கிடந்தது. "இங்க அலையே இல்லலே, வாங்க" என்று மற்றவர்களைக் கூப்பிட்டதும் நான்தான். நல்லவேளை, அவர்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அடுத்த கொஞ்ச நேரத்தில் காலுக்கடியில் மணல் இல்லை. 'கடல் உள்ளே இழுத்துவிட்டது' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு நடந்தது அப்படியில்லை. என்னைக் கீழே யாரும் இழுக்கவில்லை, தலை தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. ஓடுகிற வாய்க்காலில் விழுந்த தேங்காய் மாதிரி நேராகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். கரையைக் குறிவைத்து வெறி பிடித்ததுபோல் நீந்தினேன். நிமிர்ந்து பார்க்கிற ஒவ்வொரு முறையும் கரையில் நிறுத்தியிருந்த சைக்கிள்கள் இன்னும் சின்னதாகத் தெரிந்தன. தோள்பட்டை மரத்துப்போனது. உப்புத் தண்ணீர் மூக்கிலும் தொண்டையிலும். அம்மாவிடம் சொல்லாமல் வந்தோமே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

தூரத்தில் கரைமடி (கரையில் நின்று இழுக்கிற வலை) இழுத்துக்கொண்டிருந்த மீனவர்களில் ஒரு பாட்டா, அதாவது தாத்தா, தண்ணீர் விளிம்புக்கு ஓடி வந்து தலைத்துண்டை அவிழ்த்து வீசினார். 'வா வா' என்று கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, கிழக்குப் பக்கமாகக் காட்டிக்கொண்டே இருந்தார். நீந்த முடியாமல் போன பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. மல்லாந்து மிதந்தேன், மூச்சு கொஞ்சம் திரும்பியது. கரையை மறந்துவிட்டு, கரைக்கு இணையாகக் கிழக்கே மெதுவாகக் கை போட்டேன். கொஞ்ச தூரத்திலேயே இழுவை விட்டுவிட்டது. நுரை அடிக்கிற இடத்துக்கு வந்ததும் அலையே என்னைத் தள்ளித் தள்ளிக் கரையில் போட்டது.

பாட்டா திட்டவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நீவாட்டுக்கு எதுக்க நீந்துனா எங்க ஆளுக்கும் முடியாது மக்களே."

நீவாடு என்றால் நீரோட்டம். அது எப்படி வருகிறது என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடலுக்குள் மணல்திட்டு இருக்கும். அதில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ அந்த வழியாக எல்லாத் தண்ணீரும் பாய்கிறது. பள்ளம் ஆழமானது, அதனால் அங்கே அலை உடையாது, நுரை வராது. நமக்கு அமைதியாகத் தெரிகிற இடம் தண்ணீர் வெளியேறுகிற வாசல். வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல்கூடப் போகும். 100 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனையே 46 நொடிக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ஏறக்குறைய அதே வேகம். அப்பேர்ப்பட்டவரே எதிர்த்து நீந்தினால் நின்ற இடத்தில்தான் நிற்பார், குளத்து நீச்சல்காரன் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்த ஓட்டம் அகலம் குறைந்தது. அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் வலுவிழந்துவிடும். பாட்டா துண்டை வீசிச் சொன்னது இவ்வளவையும்தான்.

பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் இடம்), தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு) ஓரம், பாறை இடுக்கு, இவற்றின் பக்கத்தில் நான் யாரையும் இறங்க விடுவதில்லை. கல்லை ஒட்டித் தண்ணீர் வெளியே ஓடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும்போது கடல் சீறுவது கண்ணுக்கே தெரியும், யாரும் பயப்படுவார்கள். எனக்குப் பயம் சித்திரை, வைகாசிக் கடல்தான். வானம் வெளுத்திருக்கும், காற்றே இருக்காது. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணப்பட்டு இங்கே வந்து திடீரென்று ஏறும். கள்ளக்கடல் என்ற பெயர் சும்மா வரவில்லை.

2024 மே 6, எங்கள் மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரை. நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் கடலில் மூழ்கிப் போய்விட்டார்கள். கள்ளக்கடல் பற்றி ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் முன்பே எச்சரித்திருந்தது. அந்தச் செய்தி, வெளியூரிலிருந்து வந்து கடலைப் பார்க்கிற பிள்ளைகளின் காதுக்கு எப்படிப் போகும்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களுக்கு யாராவது துண்டை வீசிக் காட்டியிருக்கக்கூடாதா என்றே மனம் அடித்துக்கொண்டது.

யாராவது இழுபடுவதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவருக்காக இறங்கி இரண்டு மூன்று பேர் போன வீடுகள் உண்டு. காலி கேன், தெர்மாகோல், கயிறு, கைக்குக் கிடைத்ததை வீசுங்கள். சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள். எந்தப் பக்கம் நீந்த வேண்டும் என்று கையைக் காட்டுங்கள்.

போன வாரம் அக்காவின் சின்னவள் மணலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, அந்தா அங்க மட்டும் நுரை வரல."

எழுந்து நின்று பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு இருநூறு அடி மேற்கே தள்ளிப் போனோம். முழங்கால் அளவு தண்ணீரில், என் கையைப் பிடித்துக்கொண்டு, இருட்டுகிற வரை நின்றாள்.