சென்னைக்குள் வீடு மாறியவர்களுக்கு: பக்கத்துத் தெரு மெஸ்ஸைக் கண்டுபிடிக்கும் வழி

புது ஏரியாவுக்குக் குடிபோனதும் பலரும் செய்வது ஒன்றுதான்: டெலிவரி ஆப்பைத் திறந்து, மேலே வருகிற கடைகளில் மாற்றி மாற்றி வாங்கிப் பார்ப்பது. பெருங்குடி, துரைப்பாக்கம், போரூர், வேளச்சேரி என்று எங்கே போனாலும் சரி, கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துகிற மெஸ் அந்தப் பட்டியலின் மேல்பகுதியில் அபூர்வமாகத்தான் வரும். அவர்கள் ஒரு வேளைக்கு 60 பேர், 80 பேர் என்று கணக்குப் பண்ணி உலை வைக்கிறவர்கள். அந்த 60 பேர் ஏற்கெனவே அதே தெருக்களில் இருக்கிறார்கள். கமிஷன் கொடுத்து இன்னும் 20 ஆர்டர் பிடித்தால் அதற்குச் சமைக்க ஆளும் இல்லை, அடுப்பில் இடமும் இல்லை. நல்ல மெஸ் கிடைப்பது என்றால் அந்தத் தலைக்கணக்கில் நீங்களும் ஒரு ஆளாகச் சேர்வது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான வழிதான்.

முதலில் யாரிடம் கேட்பது? அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் மெயின் ரோட்டுக் கடைகளின் பெயர்தான் வரும். தெருவிலேயே நின்று வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள்: அயர்ன் வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, டூ வீலர் மெக்கானிக், பக்கத்து ஈ.பி. ஆபீஸ் ஊழியர்கள். "இங்க நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால், உங்கள் சட்டையைப் பார்த்து ஏ.சி. போட்ட இடத்துக்குக் கை காட்டுவார்கள். "அண்ணே, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் வேறு பதில் வரும். வீட்டிலிருந்து கொண்டு வருகிறேன் என்றால், கொண்டு வராத நாளில் எங்கே என்று கேளுங்கள்.

எல்லாரையும்விட நம்பகமான ஆள் வாழை இலைக்காரர். கோயில் பக்கத்திலோ மார்க்கெட் வாசலிலோ பூக்கடையோடு சேர்த்து இலை விற்பவர். விசேஷ வீட்டுக்காரர்கள் தலைவாழை இலையாகப் பார்த்து எண்ணி வாங்குவார்கள். மெஸ்காரர்கள் தினமும் காலையில் ஒரே அளவில் கட்டாக எடுப்பார்கள், பெரும்பாலும் நுனி இல்லாத துண்டான ஏடு இலை. யார் எத்தனை கட்டு எடுக்கிறார்கள், யார் இலையிலிருந்து தட்டுக்கு மாறிவிட்டார்கள், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு மெஸ் நன்றாக ஓடுகிறதா என்பதற்கு ஆன்லைன் நட்சத்திரங்களைவிட நான் இதைத்தான் நம்புவேன். மாவு மில்லில் கேட்பதும் பலன் தரும். வாரா வாரம் சாம்பார்ப் பொடி, ரசப் பொடிக்குக் கிலோக்கணக்கில் அரைக்க வருகிற குடும்பம் கடைப் பொடியை நம்பியில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது. காலை 6 முதல் 7 மணிக்குள் உள் தெருக்களில் ஒரு நடை போய் வாருங்கள். வீட்டுச் சிலிண்டர் சிவப்பு, 14.2 கிலோ. வணிகச் சிலிண்டர் நீலம், 19 கிலோ. போர்டே இல்லாத ஒரு வீட்டு வாசலிலோ மாடிப்படிக்கு அடியிலோ நீலச் சிலிண்டர் இரண்டு நின்றால் உள்ளே வியாபாரத்துக்குச் சமையல் நடக்கிறது. பிற்பகலில் பெரிய கிரைண்டர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டால் மறுநாள் காலை இட்லி உண்டு. "இட்லி மாவு கிடைக்கும்" என்ற அட்டை தொங்கும் வீட்டிலும் விசாரியுங்கள். சிலர் மாவோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் தெரிந்தவர்களுக்கு மட்டும் சாப்பாடும் கட்டிக் கொடுப்பார்கள்.

கூகுள் மேப்பையும் பயன்படுத்தலாம், தேடும் விதத்தை மாற்றினால். 'ரெஸ்டாரன்ட்' என்று தேடாதீர்கள். மெஸ், டிபன் கடை, வீட்டுச் சாப்பாடு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள். உங்கள் தெரு தெரியும் அளவுக்கு வரைபடத்தைப் பெரிதாக்கி மறுபடி தேடினால் முன்பு மறைந்திருந்த சின்னக் கடைகள் தெரியும். விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கை மாறிய மெஸ்ஸுக்குப் பழைய பாராட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கடையின் பக்கத்தில் கூட்ட நேரம் காட்டும் பட்டைப் படம் இருந்தால் அதையும் பாருங்கள். குடும்ப மெஸ்ஸில் காலை 8 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் உச்சம் தெரியும், நடுவில் ஒன்றுமே இருக்காது. காலை முதல் இரவு வரை சமமாக இருந்தால் அது வேறு வகைக் கடை.

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாட்டி, அம்மா, வீட்டுச் சமையல் என்ற பெயர்களில் கிளை கிளையாகக் கடைகள் இருக்கின்றன. ஆப்பில் வருகிற கடை உண்மையில் எது என்று தெரிய, அதன் பக்கத்தின் கடைசிக்குப் போய் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணையும் முகவரியையும் பாருங்கள். பிரியாணிக் கடை, தோசைக் கடை, சைனீஸ் கடை மூன்றுக்கும் ஒரே எண், ஒரே முகவரி என்றால், ஒரே சமையலறை மூன்று பெயரில் விற்கிறது. மெனுவின் நீளமும் துப்புக் கொடுக்கும். இரண்டு பேர் சமைக்கிற அடுப்பில் 40 அயிட்டம் புதிதாக வராது.

முதல் முறை போகிறீர்கள் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள், 12.45 முதல் 1.15க்குள். பன்னிரண்டுக்கே போனால் ஒரு பொரியல் இன்னும் அடுப்பில் இருக்கும். 2 மணிக்கு மேல் போனால் கூட்டு தீர்ந்து, அதற்குப் பதில் ஊறுகாய் வைப்பார்கள். அதை வைத்து மெஸ்ஸை மதிப்பிடுவது நியாயமில்லை.

உட்கார்ந்ததும் சாம்பாரைக் கவனியுங்கள். சோற்றின் நடுவில் குழி பண்ணி ஊற்றியதும் அங்கேயே நின்று மெல்ல இறங்கினால் பருப்பு போதுமான அளவு வெந்து கரைந்திருக்கிறது. ஊற்றிய வேகத்தில் சோற்றைத் தாண்டி இலை ஓரத்துக்குத் தண்ணீர் தனியாக ஓடினால், கணக்கு மீறி ஆள் வந்து வெந்நீர் விட்டு இழுத்திருக்கிறார்கள். ஒரு நாள் அப்படி இருந்தால் மன்னிக்கலாம். 1 மணிக்கே தினமும் அப்படி என்றால் கணக்கே அதுதான். ஆனால் சாம்பாரைவிட ரசம் உண்மையைச் சொல்லும் என்பது என் கருத்து. சாம்பாரைக் காய்கறி காப்பாற்றிவிடும். ரசத்தில் ஒளிய இடமில்லை. புளி பச்சை வாசனை அடித்தால் கொதி போதவில்லை. நெடுநேரம் அடுப்பிலேயே கிடந்து கொதித்திருந்தால் மணம் போய்க் கடுப்பு மட்டும் நிற்கும். பக்குவம் தெரிந்தவர்கள் நுரை கட்டியதும் இறக்கி, தாளித்துக் கொட்டி மூடிவிடுவார்கள்.

சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். முழுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 125 முதல் 150 கிராம் அரிசி என்று போட்டு, இரண்டு மூன்று தடவையாக வடிக்கிற மெஸ்ஸில் இரண்டாம் சோறும் ஆவியோடு வரும். மொத்தத்தையும் காலை 11 மணிக்கே வடித்து வைத்திருந்தால் விறைத்து உதிரும், அடிச்சோறு கட்டியாக இருக்கும். மோர் கேட்டும் பாருங்கள். புளிப்பு மண்டையில் ஏறினால் முந்தின நாள் மிச்சம்.

காலை டிபனில் கேட்க வேண்டிய கேள்வி, "அக்கா, அடுத்த ஈடு எப்போ?" இட்லி வேக 10, 12 நிமிடம்தான் ஆகும். காத்திருந்து சூடாக வாங்குவதும் ஆறிப்போனதை வாங்குவதும் ஒன்றல்ல. மே மாதத்தில் 10 மணிக்கு மேல் போனால் தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்து, காரச் சட்னியோ சாம்பாரோ கேளுங்கள். அந்த வெயிலில் தேங்காய் சில மணி நேரம்தான் தாங்கும். வடையை முதல் எண்ணெயில் போடுகிற நேரத்தில் சாப்பிடுங்கள். வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் அன்றைக்கு வடை வேண்டாம்.

பழைய ஏரியாக்களில் பந்தி ஒழுங்கு ஒன்று உண்டு. மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸில் உட்கார இடம் குறைவு, ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்தது. திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். இந்த மாதிரி இடங்களில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து பேசுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். உங்கள் பின்னால் நிற்கிறவருக்கு ஆபீஸ் நேரம் ஓடுகிறது.

அசைவ மெஸ் என்றால் பில் எகிறுகிற இடம் ஒன்று உண்டு. சாப்பாட்டு விலையில் கறிக்குழம்பு, மீன் குழம்பு, ரசம், மோர் அடக்கம். பிறகு ஒரு தட்டில் சுக்கா, ஈரல், மீன் வறுவல், முட்டை என்று அடுக்கி எடுத்து வந்து காட்டுவார்கள். அதில் எதை எடுத்தாலும் தனிக் காசு. "இது எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே எல்லாரும் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த மாதங்களில் நல்ல மெஸ்ஸின் மீன் பட்டியல் சுருங்கும். நாட்டுப் படகில் வருகிற சின்ன மீனோ ஏரி மீனோ வரும், விலையும் ஏறும். அப்போதும் தினமும் வஞ்சிரம் அதே விலைக்குத் தடையில்லாமல் கிடைத்தால், எங்கிருந்து வருகிறது, ஐஸில் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கலாம். புரட்டாசியிலும், கார்த்திகையில் மாலை போடும் காலத்திலும் அசைவ மெஸ்கள் அளவைக் குறைக்கும், சில முழுக்கச் சைவத்துக்கு மாறும். முதல் முறை பார்க்க அது சரியான காலம் இல்லை.

ஏரியாவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. ஊழியர்களுக்காக ஆந்திரா மெஸ், கேரளா மெஸ் நிறைய உண்டு. ஆந்திரா மெஸ்ஸில் பப்பு என்கிற பருப்பு, கோங்கூரா என்கிற புளிச்சக்கீரை, பருப்புப் பொடி, நெய் இருக்கும். கேரளா மெஸ்ஸில் சிவப்பான மட்டை அரிசிச் சோறும் குடம்புளி போட்ட மீன் குழம்பும். ஆபீஸ்களை நம்பியிருக்கும் மெஸ் ஞாயிறு மூடும். குடியிருப்புக்கு நடுவில் இருக்கும் அசைவ மெஸ்ஸுக்கு ஞாயிறுதான் பெரிய நாள். அங்கே தலைக்கறி, குடல் வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவே சொல்லி வையுங்கள்.

பில்லில் ஜி.எஸ்.டி. இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் மெஸ் பதிவு செய்யத் தேவையில்லை. சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. ஆனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு சின்ன மெஸ்ஸுக்கும் வேண்டும். சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிடித்துவிட்டது என்றால் மாதக் கணக்கு வைக்கலாம், உடனே வேண்டாம். முதல் வாரம் தினக் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், அடுத்து ஒரு வாரத்துக்கு முன்பணம், அதன் பிறகு மாதம். மாதக் கணக்கில் சண்டை வருவது பெரும்பாலும் லீவு நாளில்தான். காலை 11 மணிக்குப் போன் பண்ணி "இன்னிக்கு வரல" என்றால் உங்கள் பங்கு அரிசி ஏற்கெனவே உலையில் இருக்கும், அவர்கள் கழிக்க மாட்டார்கள், அது சரியும்கூட. முந்தின இரவு எத்தனை மணிக்குள் சொன்னால் கழிப்பார்கள் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட நாளுக்கு அட்டையில் டிக் போடச் சொல்லுங்கள். டோக்கன் புத்தகம் என்றால் காலாவதித் தேதி உண்டா, விருந்தாளிக்கு ஒரு டோக்கன் கிழிக்கலாமா என்று கேளுங்கள். விருந்தாளி வருவது தெரிந்தால் அதையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்கிறவருக்குத்தான் கூட்ட நாளில் அப்பளத்தோடு முழுச் சாப்பாடு எடுத்து வைப்பார்கள்.

பார்சலுக்குப் பாத்திரம் கொண்டு போங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் தடை. இருந்தும் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டித் தருகிற கடைகள் இருக்கின்றன. நான்கு அடுக்கு கேரியர் போதும்: அடியில் சோறு, மேலே சாம்பார், அதற்கு மேல் பொரியல், உச்சியில் ரசம். ரசத்தை முக்கால் பாத்திரத்துக்கு மேல் ஊற்ற விடாதீர்கள், வண்டியில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் போதும் பொரியல் நனைய. 12 மணிக்கு முன்பே கேரியரைக் கொடுத்துவிட்டால் முதல் வடிப்புச் சோறு கிடைக்கும்.

கடை சாத்தும் நாள்களையும் கேட்டு வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சில நாள், பிள்ளைகளின் மே மாத லீவில் ஒரு வாரம் பத்து நாள் என்று குடும்பமே ஊருக்குப் போய்விடும். வருஷம் முழுக்க ஒரு நாளும் சாத்தாத இடத்தில் சமைப்பது அந்தக் குடும்பமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த இடைவெளிக்கு வேறு எந்த மெஸ் என்று அவர்களையே கேளுங்கள், பெரும்பாலும் சரியான இடத்தைச் சொல்வார்கள். பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் காலை இட்லிக்கு அதுவும் உதவும். ஊரிலிருந்து திரும்பி மெஸ்ஸைத் திறக்கும் அன்று காலையிலேயே போய் நிற்காதீர்கள். மாவு முந்தின நாள் அரைத்துப் புளித்திருந்தால்தான் இட்லி. அன்றைக்கு மதியச் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்குவார்கள், உங்கள் தலையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் காலையில் ஒரு போன் பண்ணிவிட்டால் போதும்.