கையைக் காட்டு, ஆட்டத்தை நிறுத்தாதே

பேஸ்பால் அம்பயர் தேர்வுக்குப் படித்தபோது என்னை அதிகம் படுத்தியது அப்ஸ்ட்ரக்‌ஷன் விதிதான். பந்து கையில் இல்லாமல், பந்தைப் பிடிக்கும் முயற்சியிலும் இல்லாமல் ஒரு ஃபீல்டர், பேஸ் பேஸாக (வரிசையாகத் தொட வேண்டிய நிறுத்தங்கள்) ஓடும் எதிரணி ரன்னரைத் தடுத்தால் அது அப்ஸ்ட்ரக்‌ஷன். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை அந்த வரையறையில் தேடித்தேடிப் பார்த்தேன், இல்லை.

எம்எல்பி என்ற அமெரிக்க மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில், 2013-இன் மூன்றாவது ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது. ஒன்பதாவது இன்னிங்ஸ். மூன்றாவது பேஸுக்கு வந்த எறியைத் தாவியும் பிடிக்க முடியாமல் ரெட் சாக்ஸ் அணியின் மிடில்புரூக்ஸ் தரையில் கிடக்கிறார். எழுந்து, தொட்டால் ரன் கிடைக்கும் கடைசி பேஸான ஹோமுக்கு ஓடப்போன கார்டினல்ஸ் அணியின் ஆலன் கிரெய்க் அவர் மேல் இடறுகிறார். ஹோமில் கிரெய்க்கைப் பந்தோடு தொட்டு டேக் செய்தும் பயனில்லை. மூன்றாவது பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அப்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிட்டார். அதுவே வெற்றி ரன், 5-4. பாவம், மிடில்புரூக்ஸ் எங்கேதான் போவார்? ஆனால் பந்து தாண்டிப் போனதுமே ‘பிடிக்கும் முயற்சி’ முடிந்துவிட்டது.

எழுத்துத் தேர்வில் தப்பித்தேன், முதல் ஆட்டத்தில் சொதப்பினேன். பேட்டர் வலது மூலைக்கு நீளமாக அடித்துவிட்டு முதல் பேஸைச் சுற்றும்போது, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற முதல் பேஸ்மேன் மேல் மோதினார். நான் உடனே கைகளைத் தூக்கி ‘டைம்!’ என்று கத்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். அவுட்ஃபீல்டர் அப்போது பந்தையே எடுக்கவில்லை!

இன்னிங்ஸ் முடிந்ததும் மூத்த அம்பயர் என்னை ஓரமாக அழைத்தார். “தம்பி, அவரை அவுட்டாக்க யாரும் முயற்சி பண்ணலையே? கையைக் காட்டு, ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’னு சொல்லு, ஆட்டம் ஓடட்டும். எல்லாம் அடங்கினப்புறம் டைம் சொல்லி, தடை இல்லாட்டி எந்த பேஸுக்குப் போயிருப்பாரோ அதைக் கொடு.” அந்த ரன்னரை அவுட்டாக்கும் முயற்சி நடக்கும்போதோ, பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன்போ தடுத்தால்தான் உடனே நிறுத்த வேண்டும். அப்போது கடைசியாகத் தொட்ட பேஸுக்கு அடுத்த பேஸாவது அவருக்கு உண்டு.

சரி, பிட்சர் பந்தை வீச எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுவதாவது சுலபம் என்று நினைத்தேன். எம்எல்பியில் 2023-இல் கடிகாரம் வந்தது: பேஸ்கள் காலியென்றால் 15 நொடி, ரன்னர் இருந்தால் 20, அந்த 20-ம் அடுத்த ஆண்டே 18 ஆனது. எங்கள் ஆட்டங்களில் கடிகாரம் கிடையாது. பழைய 12 நொடி விதிதான், அதுவும் பேஸ்கள் காலியாக இருந்தால் மட்டும். பிட்சர் கைக்குப் பந்து வந்ததுமே எண்ணத் தொடங்கி, அநியாயமாக ஒரு ‘பால்’ (பேட்டருக்குச் சாதகமான எண்ணிக்கை) கொடுத்துவிட்டேன். பேட்டரும் தான் நின்று அடிக்கும் பெட்டிக்குள் தயாராக நின்ற பிறகே எண்ண வேண்டும். அவரோ கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பேட்டரின் கண் பிட்சர் பக்கம் திரும்பும் வரை ஸ்டாப்வாட்ச் பொத்தானைத் தொடுவதில்லை.