குளியல் இருக்கை: முதலில் உயரத்தை அளந்துவிடுங்கள்

சக்கர நாற்காலியில் ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கியிருக்கும்போது, தரையிலிருந்து அதன் மேல்பக்கம் வரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து மாறி உட்கார்ந்து குளிக்கும் குளியல் இருக்கையும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் கூடினால் தோள்பட்டைக்குப் பாரம் கூடிவிடும். மாறி உட்காரும் பக்கத்துக் கைப்பிடி மேலே மடங்காவிட்டால், அந்த இருக்கையே வேண்டாம்.

உணர்ச்சி குறைந்த உடம்புக்குக் கடினமான பிளாஸ்டிக் பலகை ஆகாது. நடுவில் திறப்பு இருந்தால் அதன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் தோலை அழுத்தும். வலி தெரியாததால், புண்ணான பிறகுதான் தெரியவரும். பாவம், ஆற வாரக்கணக்கில் ஆகலாம். குளித்ததும் தொடையும் புட்டமும் சிவந்திருக்கின்றனவா என்று தினமும் பாருங்கள்.

இருக்கைக் கால்களின் ரப்பர் மூடியில் வரிகள் தேய்ந்து வழவழப்பானால் சோப்புத் தண்ணீரில் வழுக்கும், உடனே மாற்றுங்கள். காற்றை உறிஞ்சிச் சுவரில் ஒட்டும் கைப்பிடியில் உடல் எடையைப் போடவே கூடாது.