கைஸ் ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு பலகை வைக்கலாமே

லண்டனில் நான் பார்க்கப் போனது ஆஸ்பத்திரிகளை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டத்துக்காகத்தான் போனேன். உலகத்திலேயே பழைய ரக்பி கோப்பைப் போட்டி எது என்று கேட்டால், பெரிய கிளப்புகள் ஆடும் ஏதோ ஒன்று என்றுதான் யாருக்கும் தோன்றும். அது லண்டன் மருத்துவ மாணவர்களின் போட்டி. யுனைடெட் ஹாஸ்பிடல்ஸ் கோப்பை என்று பெயர். 1874-இல் ஏற்பாடு செய்து 1875-இல் முதல் இறுதி ஆட்டத்தை ஆடி, கைஸ் ஆஸ்பத்திரி மாணவர்கள் ஜெயித்தார்கள். இன்றும் நடக்கிறது. ஊர் திரும்பிய வேகம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் நடுநடுவே வரும்.

தங்குவதற்குச் செலவில்லை. அண்ணன் மகள் அங்கே நர்ஸாக இருக்கிறாள், வீடு தென் லண்டனில் டூட்டிங் என்ற இடத்தில். "சித்தப்பா, எல்லாரும் பிக் பென் பார்க்கணும்பாங்க, நீங்க என்ன என் வேலை இடத்தையே சுத்திப் பாக்க வர்றீங்க?" என்று சிரித்தாள். பஸ்ஸில் மட்டும் போங்கள் என்று அவள் சொன்னது நல்ல யோசனை. நான் போனபோது கட்டணம் 1.75 பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் மறுபடியும் காசு கிடையாது. பவுண்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிற நமக்கு இது பெரிய விஷயம்.

முதலில் கைஸ். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஷார்டு என்ற கண்ணாடிக் கோபுரம் தலைக்கு மேல் நிற்கும். அதன் அடியிலேயே ஆஸ்பத்திரி. தாமஸ் கை என்ற புத்தக வியாபாரி விட்டுச் சென்ற பணத்தில் 1725-இல் திறந்தது. உள்முற்றத்தில் பழைய லண்டன் பாலத்தின் கல் மாடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கவிஞர் கீட்ஸ் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் 1815-இல் இங்கே மருத்துவம் படிக்கச் சேர்ந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை.

ரக்பிக்கு அங்கே ஒன்றும் இல்லை. நான் தேடிய வரை ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. கைஸ் ரக்பி கிளப் தன் பிறப்பை 1843 என்று சொல்கிறது. அப்படியானால் உலகின் முதல் ரக்பி கிளப் இதுதான். டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்காரர்கள் இதை ஏற்பதில்லை. 1854-இலிருந்து தங்களுக்குத் தொடர்ச்சியான ஆதாரம் இருக்கிறது என்கிறார்கள். யார் மூத்தவர் என்ற வழக்கை அவர்களே பேசி முடிக்கட்டும். 1871-இல் நடந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த வருடம் ஜனவரி 26-ஆம் தேதி, டிராஃபால்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பால் மால் என்ற உணவகத்தில் 21 கிளப்புகள் கூடி, ஆட்டத்துக்கு விதி வகுக்கும் சங்கமான இங்கிலாந்தின் ரக்பி யூனியனை உண்டாக்கின. வக்கீல்கள் வந்தார்கள், அரசு ஊழியர்கள் வந்தார்கள், பள்ளிகளின் பழைய மாணவர்கள் வந்தார்கள். வந்த ஒரே ஆஸ்பத்திரி கைஸ்.

அந்தக் காலத்து ஆட்டத்தில் எதிராளியின் முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் காலால் உதைப்பது அனுமதிக்கப்பட்ட விஷயம். 1870 கடைசியில் ஒரு சர்ஜன், பெயர் போடாமல், ரக்பி என்ற ஊரின் பள்ளியில் பையன்களுக்குப் படும் காயங்களைப் பற்றி டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பெரிய விவாதம் கிளம்பியது. புது யூனியன் எழுதிய முதல் விதிகளிலேயே அந்த உதைக்குத் தடை வந்துவிட்டது.

கைஸுக்கு எதிரிலேயே, ஒரு பழைய தேவாலயத்தின் பரணில், செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் 1822-ஆம் வருட ஆபரேஷன் அறை அப்படியே இருக்கிறது. குறுகலான சுழல் படியில் ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் உண்டு, கொடுத்த காசு தகும். நடுவில் ஒரு மர மேசை, சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்க்கப் படிப்படியாகத் தடுப்புகள். மயக்க மருந்து லண்டனுக்கு வந்தது 1846 டிசம்பரில். கைஸ் பையன்கள் பந்தோடு ஓட ஆரம்பித்ததாகச் சொல்லும் 1843-இல் அது இல்லை. எலும்பு நொறுங்கிக் காலை எடுக்க வேண்டி வந்தால் நினைவோடுதான் எடுப்பார்கள். அதை இந்த மாதிரித் தடுப்பில் நின்று பார்த்தவர்களே சாயங்காலம் மைதானத்தில் இறங்கியிருக்கிறார்கள். அந்தத் தைரியம் எனக்கு முழுதாகப் புரியவில்லை, மரியாதை மட்டும் கூடிவிட்டது.

அடுத்தது பேடிங்டனில் செயின்ட் மேரிஸ். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்ட அறைக்குக் கீழே, பிரேட் தெருச் சுவரில் ஒரு வட்டப் பலகை இருக்கிறது. ஃபிளெமிங் அந்த ஆஸ்பத்திரியிலேயே தங்கக் காரணம் விளையாட்டு. நன்றாகத் துப்பாக்கி சுடுவார், ரைபிள் கிளப் அவரை விட மனமில்லாமல் அங்கேயே வேலைக்கு வழி செய்தது என்பார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு 1920-இல் டீனாக வந்தவர் சார்லஸ் வில்சன். பிற்காலத்தில் மோரன் பிரபு, சர்ச்சிலின் டாக்டர். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர். மனிதனின் தைரியத்தை அங்கே பார்த்தவர், அதை ரக்பி மைதானத்திலும் தேடினார். 25 வருடம் டீனாக இருந்து ஆட்டக்காரர்களாகப் பார்த்து இழுத்துக்கொண்டு வந்தார். இன்டர்வியூவில் மேசைக்கு அடியிலிருந்து பந்தை எடுத்து வீசுவார்களாம், பிடித்தால் சீட்டு, திருப்பி உதைத்தால் ஸ்காலர்ஷிப் என்று ஒரு கதை லண்டனில் இன்னும் உலவுகிறது.

கதையோ நிஜமோ, வந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. தென் ஆப்பிரிக்காவுக்கு டெஸ்ட் கிரிக்கெட்டும் இங்கிலாந்துக்கு ரக்பி கேப்டனாகவும் ஆடிய டப்பி ஓவன்-ஸ்மித் இங்கே படித்தவர். மோரனுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். ஒரு மைலை முதன்முதலில் 4 நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பானிஸ்டர் இங்கேதான். 1954 மே 6 காலையில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, பேடிங்டனில் ரயில் ஏறி ஆக்ஸ்ஃபோர்டு போய் ஓடினார். அப்புறம் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ். வேல்ஸ் ரக்பி அணியின் மகத்தான ஃபுல்பேக் (கடைசியில் நின்று காக்கும் ஆட்டக்காரர்), எலும்பு சர்ஜன். 1978-இல் பிரிட்ஜெண்ட் கிளப்புக்காக நியூசிலாந்தை எதிர்த்து ஆடும்போது பூட்ஸால் கன்னம் கிழிந்தது. டாக்டரான அப்பாவே தையல் போட்டார், மகன் மறுபடியும் மைதானத்துக்குள் ஓடினார். 2024 ஜனவரியில் அவர் இறந்த செய்தி வந்த அன்றே இந்தப் பயணத்தை முடிவு செய்தேன்.

மோரன் முறை சரியா? சரியில்லை என்றே சொல்வேன். நல்லாப் பந்து பிடிக்கிறவனுக்குக் கொடுத்த சீட்டு, நல்லாப் படித்த இன்னொருவருக்குப் போகவேண்டியது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண். செயின்ட் மேரிஸ் முதல் உலகப் போர் சமயத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, 1920-களில் கதவை மறுபடியும் மூடியது.

இதில் சென்னைக்கு ஒரு பெருமை இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கோப்பை உருவான அதே 1874-இல்தான் லண்டனில் பெண்களுக்கென்று தனி மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். அவர்களை வார்டுக்குள் விட ஒரு பெரிய ஆஸ்பத்திரிகூட முன்வரவில்லை. 1877-இல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி சம்மதிக்கும் வரை காத்திருந்தார்கள். முதல் இறுதி ஆட்டம் நடந்த 1875-இல் நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப்பைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. அவர் பிறகு லண்டன் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பி, 1885-இல் ஆரம்பித்து வைத்ததுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. இதை அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் பிறந்ததே கோஷா ஆஸ்பத்திரியில்தான்.

இப்போது என் வயிற்றெரிச்சல். கைஸ் அணியின் மைதானம் தென்கிழக்கே ஹானர் ஓக் பார்க்கில். அங்கே ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்கக் கிளம்பினேன். தண்டவாள வேலை, ரயிலுக்குப் பதில் பேருந்து என்றார்கள். அந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று மூன்று சீருடைக்காரர்கள் மூன்று பக்கம் கை காட்டினார்கள். வந்தது, உள்ளே ஹீட்டர் இல்லை, ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. கிக்-ஆஃப் தவறிவிடும் என்ற பதற்றத்தில் நடுவழியில் இறங்கி ஒரு வாடகைக் கார் பிடித்தேன். பத்து பவுண்டு என்று ஏற்றிக்கொண்டவர், இறங்கும்போது இருபத்தைந்து என்றார். கேட்டால் ரூட் மாறியது என்கிறார். நான் குரலை உயர்த்தினேன், அவர் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் கொடுத்துத் தொலைத்தேன். எங்கள் தெரு ஆட்டோக்காரர் இந்த ஏமாற்று வேலை செய்ய மாட்டார். லண்டனில் சவாரியை ஆப்பில் புக் செய்யுங்கள், தொகை முதலிலேயே தெரிந்துவிடும்.

ஆட்டம் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டது. கட்டணம் இல்லை, கேட் இல்லை, கோட்டுக்கு இரண்டடி தள்ளி நிற்கலாம். இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் மோதும் சத்தம் நெஞ்சில் வந்து விழும். டிவியில் இது வராது. பக்கத்தில் நின்ற ஒரு ஓய்வு பெற்ற டாக்டர் பழைய இறுதி ஆட்டங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். ரசிகர்கள் ஒருவர் மேல் ஒருவர் மாவுப் பொட்டலமும் முட்டையும் வீசிக்கொள்வார்களாம். பிளாக்ஹீத், ரிச்மண்ட் மாதிரி பெரிய கிளப்புகளோடு ஆஸ்பத்திரி அணிகள் சரிக்குச் சரி ஆடிய காலம் அது. 1987-இல் லீக் வந்தது, 1995-இல் சம்பளம் வந்தது. காலையில் வார்டு, ராத்திரி டியூட்டி என்று இருப்பவர்கள் சம்பள ஆட்டக்காரர்களோடு போட்டி போட முடியாது.

அதோடு கல்லூரிகளையும் இணைத்துவிட்டார்கள். கைஸும் தாமஸும் 1982-இல் சேர்ந்து, 1998-இல் கிங்ஸ் கல்லூரியோடு கலந்தன. செயின்ட் மேரிஸ் 1988-இல் இம்பீரியல் கல்லூரிக்குள் போனது. பார்ட்ஸ் என்று சொல்லும் செயின்ட் பார்த்தலோமியூஸும் லண்டன் ஆஸ்பத்திரிக் கல்லூரியும் 1995-இல் குவீன் மேரி கல்லூரிக்குள். ஒரு டஜன் பகையாளிகள் கைவிரலில் எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். பாடம் நடத்த இது வசதியாக இருக்கலாம், கோப்பைக்கு நஷ்டம்தான். ஒன்று மட்டும் மனசுக்கு இதம்: பெண்கள் அணிகளும் இப்போது ஆஸ்பத்திரிப் பெயர்களைச் சுமந்து ஆடுகின்றன.

செயின்ட் ஜார்ஜஸ் கதை தனி. ஹைட் பார்க் கார்னரில் இருந்த அதன் பழைய வெள்ளைக் கட்டடம் இன்று லேன்ஸ்பரோ என்ற ஆடம்பர ஹோட்டல். வெளியே நின்று பார்த்ததோடு சரி, என் மாதச் சம்பளம் அங்கே ஒரு இரவுக்குப் போதுமா என்பது சந்தேகம். ஆஸ்பத்திரி டூட்டிங்குக்கு வந்துவிட்டது. பெரியம்மைத் தடுப்பூசி தந்த ஜென்னர் இந்த ஆஸ்பத்திரி மாணவர். அவருக்கு உதவிய பிளாசம் என்ற பசுவின் தோலை அந்தக் கல்லூரி இன்னும் பாதுகாக்கிறது.

டூட்டிங் என்றால் சாப்பாடு. மேல் டூட்டிங் ரோடு முழுக்க நம் ஆட்களும் ஈழத் தமிழர்களும். ஆட்டம் முடிந்து நனைந்து வந்த ராத்திரி, தகரத் தட்டு டக் டக் என்று கேட்கும் ஒரு கடையில் ஆட்டிறைச்சிக் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். ரொட்டி ஓரம் முறுகி, கறிவேப்பிலை மணத்தோடு, கண்ணில் தண்ணீர் வரும் உறைப்பு. ஒரு பிளேட் இருவருக்குத் தாராளம். கார்க்காரரிடம் விட்ட காசில் இதை இரண்டு தடவை சாப்பிட்டிருக்கலாம். பக்கத்து மேசையில் செயின்ட் ஜார்ஜஸ் அட்டை மாட்டிய மாணவர்கள், ஒருவனுக்குக் காதில் பிளாஸ்திரி. "ஸ்க்ரமா?" என்று கேட்டேன். "ஆமாம் அங்கிள்" என்று சுத்தத் தமிழில் பதில் வந்தது.

போகிறவர்கள் குளிர்காலத்தில் போங்கள், கோப்பை ஆட்டங்கள் அப்போதுதான். மழைக்கோட்டு கட்டாயம். அடுத்து எனக்கு டப்ளின். அங்கேயும் 1881-இலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குள் ஒரு கோப்பை இருக்கிறது. எந்த மாதம் விமான டிக்கெட் மலிவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.